ஐந்து நண்பர்கள், ஆறு வாரம், ஒரு வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்கு நண்பர்களோடு நீண்ட வெளிநாட்டுப் பயணம் கிளம்ப நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். ஜூன், ஜூலையில் ஆறு வாரம் எங்காவது போக வேண்டும் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஒன்றும் நகரவில்லை. எங்கே தொடங்குவது?

எங்கே போவது என்ற பேச்சை இரண்டு வாரம் ஓரங்கட்டி வையுங்கள். அது இனிக்கிற பேச்சு, அதனால்தான் முடிவதே இல்லை. முதலில் ஆளுக்கு மூன்று விவரம் வாங்குங்கள்: விடுப்பு உறுதியாகக் கிடைக்கும் தேதிகள், செலவழிக்க முடிந்த அதிகபட்சத் தொகை, பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள்.

தொகையை எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள். கூட்டத்தில் யாரும் உண்மையான எண்ணைச் சொல்வதில்லை. ஒருவர் மட்டும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஐந்தில் எது குறைவோ அதுதான் பயணத்தின் பட்ஜெட். சராசரி எடுத்தால் குறைவாகச் சொன்னவர் முதல் வாரம் எப்படியோ சமாளிப்பார். மூன்றாவது வாரம் "பசியில்லை, நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று அறையில் உட்கார்ந்துவிடுவார். அந்தக் குறைந்த தொகையிலும் 15 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள். தவறவிட்ட ரயில், மருத்துவர், திடீர் அறைமாற்றம் எல்லாம் அந்த ஒதுக்கீட்டில் அடங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் கவலையில்லை. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் இருந்தாலே போதும், ஆனால் அந்தப் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். முத்திரை குத்த இரண்டு முழுப் பக்கமாவது காலியாக இருக்கட்டும். புகைப்படப் பக்கத்தில் தண்ணீர் பட்டிருந்தாலோ ஓரம் பிரிந்திருந்தாலோ தேதி சரியாக இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். ஐவரில் ஒருவருக்குப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் மற்ற எல்லா வேலையும் அதன் பிறகுதான்.

இந்த மூன்றும் கையில் வந்ததும் நாட்டுப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைதான்: பேசக் கூச்சமானதை முதலில் முடியுங்கள், திரும்பி வராத பணத்தைக் கடைசியில் கட்டுங்கள்.

கேள்வி: விசா கையில் வரும் முன் விமான டிக்கெட் எடுக்கலாமா? ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் மறுத்துவிட்டால்?

திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை விசாவுக்கு முன் எடுக்காதீர்கள். பல தூதரகங்கள் கேட்பது பயண முன்பதிவுக்கான சான்றைத்தான், பணம் கட்டிய டிக்கெட்டை அல்ல. தங்குமிடத்தையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் 45 நாள் வரை. காகிதத்தில் இப்படி இருந்தாலும், கோடைக்கு முன் உண்மையான முட்டுக்கட்டை விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் (அப்பாயின்ட்மென்ட்) கிடைப்பதுதான். அதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேரம் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு, பயணத் திட்டத்தில் அந்த நாட்டுக்கு இரண்டே இரவு காட்டினால் மறுப்பைக் கேட்டு வாங்கியது போலத்தான். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

நண்பர்களாகப் போனாலும் விண்ணப்பம் ஆளுக்கு ஒன்றாகவே பரிசீலிக்கப்படும். ஐந்து பேரின் பயணத் திட்டமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, விடுப்புக் கடிதம் எல்லாம் அவரவருடையது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நண்பர் ஒருவர் கணக்கில் பெரிய தொகையைப் போட்டுக் காட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அதிகாரி முதலில் பார்ப்பதே திடீரென்று வந்த அந்த வரவைத்தான்.

விசா வந்ததும் மூன்று இடங்களைப் படியுங்கள். செல்லுபடியாகும் தேதிகள் ஒன்று, தங்க அனுமதித்த நாட்கள் வேறொன்று. இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாக இருக்கலாம், கணக்கில் வருவது அதுதான். மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பவை. ஒருமுறை நுழைவு விசாவோடு பாரிசிலிருந்து லண்டன் போய்விட்டால் திரும்பப் பாரிசுக்குள் வர முடியாது.

ஷெங்கனின் 90 நாள் வரம்பிலும் பலர் சறுக்குகிறார்கள். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளுக்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. நுழைந்த நாள், வெளியேறிய நாள் இரண்டும் முழு நாளாகவே எண்ணப்படும். ஆறு வாரம் என்பது 42 நாள், தனியாகப் பார்த்தால் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களில் ஒருவர் அதே வசந்தத்தில் வேலைக்காக 60 நாள் அங்கே இருந்தவர் என்றால், அவருக்கு மிச்சம் 30தான்.

ஒருவருக்கு மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நால்வர் போவார்களா, எல்லோரும் வேறு நாட்டுக்கு மாறுவார்களா? மறுப்புக்குப் பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் அது பயணப் பேச்சாக இருக்காது.

கேள்வி: ஐந்து பேருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுப்பது நல்லதா, தனித்தனியாகவா?

முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், பிறகு ஐவருக்கு. விமானத்தில் ஒரே வகுப்பு இருக்கைகளே பல விலை அடுக்குகளாக விற்கப்படுகின்றன. மலிவான அடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், ஐந்து கேட்கும்போது பெரும்பாலும் ஐந்துக்குமே அடுத்த அடுக்கின் விலை காட்டும். அப்போது மூன்று, இரண்டு என்று பிரித்து எடுத்தால் மிச்சம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு பி.என்.ஆரும் இரண்டு வெவ்வேறு விமானங்களுக்கு மாற்றப்படலாம். தலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு அளவுதான் வித்தியாசம் என்றால் ஒன்றாகவே எடுத்துவிடுங்கள்.

ஆறு வாரப் பயணத்தில் போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவது வீண். ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து கிளம்பும்படி ஒரே டிக்கெட்டாகத் தேடலாம். போக வர எடுப்பதோடு ஒப்பிட்டால் விலையில் பெரிய வேறுபாடு பல சமயம் இருக்காது, திரும்பிப் போகும் ரயில் செலவும் ஒரு நாளும் மிஞ்சும்.

தனித்தனி நிறுவனங்களின் இரண்டு டிக்கெட்டை ஒட்டவைத்து மலிவாக்கும்போது மட்டும் கவனம். நடுவில் பெட்டியை எடுத்து, குடிநுழைவு தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்கு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. குறைந்தது ஐந்தாறு மணி நேர இடைவெளி விடுங்கள், அன்றைய கடைசி விமானமாக இருந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள். இன்னொன்று: போகும் பயணத்தின் முதல் கட்டத்தில் ஏறாவிட்டால், திரும்பும் டிக்கெட் உட்பட மிச்சம் முழுவதும் வழக்கமாக ரத்தாகிவிடும்.

கேள்வி: 42 நாளில் 11 நகரங்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரியா?

பாதியாக்குங்கள். ஊர் மாறும் நாளில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்கிறீர்கள், அடுத்த அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கிறது, நடுவில் ஐந்து பேரும் பெட்டியோடு நிற்கிறீர்கள். நகரம் மாறுவது என்றால் ஒரு நாள் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 11 நகரத்துக்கு 10 மாற்றம், ஒன்றரை வாரம் பெட்டி இழுப்பதிலேயே கரையும். ஐந்தாறு இடங்களில் தங்கி அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்புங்கள். எங்கும் நான்கு இரவுக்குக் குறையாமல், நடுவில் ஓரிடத்தில் ஏழெட்டு இரவு. மூன்றாவது வாரம் முடியும்போது எல்லோருக்கும் ஒரு சலிப்பு தட்டும், அந்த நீண்ட தங்கலை அங்கே வையுங்கள். வாரம் ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீடாக அமைந்தால் பெட்டி பாதியாகும்.

உங்கள் கோடை அங்கே என்ன பருவம் என்பதையும் பாருங்கள். ஜூலையில் நியூசிலாந்தில் நடுக்குளிர்காலம். பாலித் தீவில் அது மழையில்லாக் காலம். மத்தியதரைக் கடல் நாடுகளில் வெயில் கொளுத்தும். ஏதென்ஸ் அக்ரோபோலிசையே வெப்ப அலை நாட்களில் மதியம் மூடியிருக்கிறார்கள். இத்தாலியில் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி உள்ளூர்க் குடும்பக் கடைகள் பல வாரக்கணக்கில் அடைத்திருக்கும்.

முன்பே பதிவு செய்யாவிட்டால் கைநழுவும் இடங்களைத் தனியாக எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைகளில் வெளியிடுகிறார்கள். மிலானில் டா வின்சியின் 'கடைசி இரவுணவு' ஓவியத்தைப் பார்க்க ஒரு குழுவுக்குக் கால் மணி நேரம்தான். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பாரிசின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஐந்து பேருக்கு ஒரே நேர நுழைவு வேண்டும் என்றால் இரண்டு பேரைவிட இன்னும் முந்திக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளை யாரும் யாரோடும் போகக் கட்டாயமில்லாத நாளாகத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் தனியாகப் போக ஆசைப்படுபவர் கோபித்துக்கொண்டு போவதாகத் தோன்றும்.

கேள்வி: செலவை எப்படிப் பிரிப்பது? ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் யார் நஷ்டப்படுவது?

பொதுப் பணப்பை ஒன்று வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரே தொகையைப் போட்டு, பேருந்து, தண்ணீர், மளிகை, பொது டாக்சி எல்லாம் அதிலிருந்து. கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி சமமாகப் போடுங்கள். பெரிய செலவுகளை ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலியில், செலவழித்த நாணயத்திலேயே, அன்றன்றைக்கே பதியுங்கள். வாரம் ஒருமுறை கணக்கை நேர் செய்யாமல் ஆறாவது வாரம் வரை விட்டால், எது யார் குடித்த காப்பி என்று யாருக்கும் நினைவிருக்காது.

எல்லாவற்றையும் ஐந்தால் வகுப்பது நியாயம் போலத் தெரியும், வீட்டு வாடகையில் அது இடிக்கும். இரண்டு அறையில் நான்கு பேர், கூடத்துச் சோபாவில் ஒருவர், வாடகை 900 யூரோ என்று வையுங்கள். அறையில் படுப்பவருக்கு ஒரு பங்கு, சோபாவுக்கு அரைப் பங்கு. மொத்தம் நாலரைப் பங்கு. ஆக அறையில் படுப்பவர் தலைக்கு 200, சோபாக்காரர் 100. மது அருந்துபவர்களின் பில்லைத் தொடக்கத்திலிருந்தே தனியாக வாங்குங்கள்.

வெளிநாட்டு ஏ.டி.எம்மோ கடையின் கார்டு இயந்திரமோ "உங்கள் ஊர் நாணயத்தில் செலுத்துகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபம் சேர்ந்திருக்கும். ஆளுக்கு இரண்டு கார்டு, வெவ்வேறு வங்கியுடையதாக, வெவ்வேறு பையில் இருக்கட்டும். ஐவரின் முன்பதிவையும் ஒரே ஆளின் கார்டில் ஏற்றினால் வட்டியும் வரம்பும் அவர் தலையில்தான் விழும்.

விலகுபவர் விஷயம்: திரும்பி வராத தொகையில் தன் பங்கை விலகுபவரே ஏற்க வேண்டும், அவருக்குப் பதில் ஆள் வந்தால் விலகியவருக்குப் பணம் திரும்பும். நோய், வீட்டில் துக்கம் போன்றவற்றுக்கு எத்தனை பங்கை மற்றவர்கள் சுமப்பது என்பதையும் சேர்த்து, எந்தப் பணமும் கட்டும் முன் நான்கு வரியில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் கார் எடுத்து ஓட்டலாம் என்று இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் டிக்கி. ஐந்து இருக்கைக் காரில் ஐந்து பேர் உட்காரலாம், ஐந்து பெரிய பெட்டி ஏறாது. ஏழு இருக்கை வண்டியில் கடைசி வரிசையை மடித்துவைத்தால் சரியாக இருக்கும், மலைப்பாதையில் மட்டும் அதன் அகலம் தொல்லை.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உரிமம் வழங்கிய நாட்டிலேயே, கிளம்பும் முன் வாங்க வேண்டும். அது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு வகை, 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொரு வகை. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். ஜப்பான் ஏற்பது 1949 வகையைத்தான், 1968 வகையைக் காட்டினால் சாவி கிடைக்காது. கூடவே அசல் உரிமமும் வேண்டும்.

பிணைத்தொகையைப் பெரும்பாலும் முதல் ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்துவைப்பார்கள். அதில் அந்த அளவு வரம்பு மீதம் இருக்கட்டும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டினால் பல இடங்களில் கூடுதல் கட்டணம், ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டாலும் அப்படித்தான். இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா படம்பிடித்து அபராதம் விதிக்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வந்து சேரும். ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, ஸ்லோவேனியா நெடுஞ்சாலைகளில் ஏற கட்டணச் சீட்டு முன்பே வாங்கியிருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கரமும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காப்பீடு விசாவுக்காக மட்டும்தானே? மருந்து கொண்டுபோகத் தடை உண்டா?

மருத்துவச் செலவும், நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி தொலைவதெல்லாம் அதற்குப் பிறகு. ஏற்கெனவே உள்ள நோயை மறைத்தால் கோரிக்கை நிற்காது. உரிமமில்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், குடித்துவிட்டு விழுந்தால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. ஆழ்கடல் முக்குளிப்பு, உயரமலை ஏற்றம் போன்றவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பயண ரத்துக்கான காப்பீட்டை முதல் பெரிய முன்பதிவு செய்ததுமே எடுங்கள்.

மருந்து அதன் அசல் அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து வேறு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம்: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மின்சிகரெட் பழக்கமுள்ள நண்பர் இருந்தால் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் அதைத் தொடவே வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடுகளுக்கு, போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகும்.

கேள்வி: கிளம்பும் நாளும் இறங்கும் நாளும் எப்படி இருக்க வேண்டும்?

முந்தின வாரமே முடிக்க வேண்டியது கைப்பேசி வேலை. வங்கியின் ஓ.டி.பி. ஊர் எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டில் அந்த சிம்முக்குக் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங்கை இயக்கிவையுங்கள். அதை மறந்து, இறங்கியதும் கார்டு வேலை செய்யாமல் நிற்பவர்கள் ஏராளம். இ-சிம்மை (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே நிறுவும் சிம்) வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை: 20,000 மில்லி ஆம்பியர்-ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74, பிரச்சினையில்லை. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும். தலைமுடி உலர்த்தியில் பெரும்பாலும் அப்படி இருக்காது, ஜப்பானின் 100 வோல்ட்டில் அது வெறும் காற்றுதான் ஊதும். ஐவருக்கும் ஐந்து பிளக் மாற்றிகள் வாங்குவதற்குப் பதில், ஒரு மாற்றியும் பல முனைகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியும் போதும்.

பெட்டிகளைக் கலந்து அடுக்குங்கள். ஒவ்வொருவரின் இரண்டு நாள் உடை இன்னொருவர் பெட்டியில் இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனாலும் ஆள் தவிக்க மாட்டார். அப்படி வராவிட்டால் பெட்டி மண்டபத்தைவிட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்டரில் புகார் எழுதி எண் வாங்குங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம்.

செக்-இன் கவுன்டரில் திரும்பும் டிக்கெட்டையும் முதல் தங்குமிட முகவரியையும் கேட்பார்கள். ஐந்து பேர் கையிலும் தனித்தனிப் பிரதி வேண்டும். குழுவின் காகிதமெல்லாம் ஒருவர் கைப்பேசியில், அவரோ வேறு வரிசையில் என்பது வாடிக்கையான காட்சி.

இறங்கும் நேரம் பிற்பகலாக அமைந்தால் நல்லது. விடிகாலை இறங்கினால் அறை கிடைக்க 3 மணி வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் முதல் சண்டை வந்துவிடும். காலையில்தான் விமானம் என்றால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள், ஐந்தாகப் பிரித்தால் பெரிதாக வராது. கிழக்கு நோக்கிப் பறந்தால் தூக்கம் ஒழுங்காக அதிக நாள் பிடிக்கும், தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள். முதல் இரண்டு நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் நடங்கள், மாலையில் அருகிலுள்ள மளிகைக்கடையைக் கண்டுபிடித்துப் பொதுப் பணப்பையில் முதல் செலவைச் செய்யுங்கள்.

கேள்வி: நடுவழியில் ஒத்துப்போகவில்லை என்றால்?

இரண்டு, மூன்றாகப் பிரிந்து சில நாள் போய்வாருங்கள். அதற்கு வசதியாக இருக்கவே பாஸ்போர்ட், கார்டு, காப்பீட்டு எண், திரும்பும் டிக்கெட் அவரவரிடம் இருக்க வேண்டும் என்கிறோம். மீண்டும் சேரும் ஊர், தேதி, தங்குமிடம் மூன்றையும் பிரியும் முன் எழுத்தில் அனுப்பிக்கொள்ளுங்கள். பொதுப் பணப்பையில் மிச்சமிருப்பதை அன்றே ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், சேர்ந்த பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.